பொழியூரில் படகு ஏறலாமா?

வெள்ளிக்கிழமை விடியும்போது மாட்டுத்தாவணியில் நாகர்கோவில் பேருந்தில் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் என்றால் இரண்டே பேர். பதினான்கு பேராகப் போயிருக்க வேண்டிய பயணம் அது.

மதுரையில் பெண்களை மட்டும் அழைத்துக்கொண்டு சின்னச் சின்னச் சுற்றுலா நடத்துகிறவள் நான். வருடத்துக்கு மூன்று நான்கு பயணம், ஒரு வேன், தெரிந்த முகங்கள். இந்த முறை கேரள எல்லையோரம் நெய்யாற்றின்கரையில் ஒரு வீட்டில் இரண்டு இரவு தங்கல், பொழியூரில் படகுச் சவாரி என்று முடிவு செய்திருந்தோம். நெய்யாறு கடலில் சேரும் இடம் பொழியூர்ப் பக்கம்தான். ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் கடல், நடுவே மணல் திட்டு. படத்தைப் பார்த்தே எல்லோரும் மயங்கிப்போனார்கள்.

அப்புறம் அந்த வீடியோ வந்தது. சிவப்பு எழுத்தில் 'மூளையைத் தின்னும் அமீபா'. பின்னணியில் தென்னைமரம், காயல், படகு. ஏறக்குறைய நாங்கள் போக இருந்த இடம் மாதிரியே. அன்று மாலைக்குள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். "கேரளா வேணாம்க்கா, கொடைக்கானல் போவோம்." "எங்க வீட்டுக்காரர் விடமாட்டேங்குறார்." "தண்ணியத் தொட்டாலே வருமாமே?"

ஒரே ஒருத்தி மட்டும் கழலவில்லை. புதூரில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கும் மெஹருன்னிஸா. "என் மூளையத் தின்ன வந்தா அதுதான் பட்டினி கெடக்கும். நீங்க டிக்கெட் எடுங்கக்கா" என்றாள்.

படகு வைத்திருக்கும் ஸ்டெல்லாவைத் தொலைபேசியில் அழைத்தேன். அதுவரை குரலாக மட்டுமே தெரிந்தவர். பயணத்தை ரத்து செய்யப் போகிறேன் என்றேன். அதற்கு அவர் சொன்னார்:

"அக்கா, நான் வாங்கன்னும் சொல்லமாட்டேன், வரண்டாம்னும் சொல்லமாட்டேன். நீங்க ஒருதரம் வந்து கண்ணால பாருங்க. பாத்துட்டு ஆளுவள கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா விட்டிருங்க."

ஆகவே போய்ப் பார்த்துவருவது என்று கிளம்பினோம். நான் பார்த்துவந்து சொல்வதைப் பொறுத்தே மற்றவர்கள் வருவார்கள். இத்தனை வருடத்தில் என் வார்த்தைக்கு இவ்வளவு கனம் இருந்ததில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பயத்தைவிடப் பரபரப்புதான் அதிகம் இருந்தது.

நாகர்கோவிலில் இறங்கி, வடசேரியிலிருந்து களியக்காவிளைக்கு வேறு பேருந்து. தக்கலை தாண்டியதுமே நிலம் நிறம் மாறுகிறது. சிவந்த மண், ரப்பர் மரம், வாழைத் தோப்பு, ஏற்றமும் இறக்கமுமாகச் சாலை. மார்த்தாண்டத்தில் பேருந்து நிரம்பி வழிந்தது. பேச்சும் மாறிவிட்டது. தமிழ்தான், ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் கடைசியில் மேலே ஏறி இறங்கியது. மெஹரு அதைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தாள்.

களியக்காவிளையில் மதியம். அங்கிருந்து நெய்யாற்றின்கரை போகும் கேரளப் பேருந்தில் ஏறினோம். என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் மடியில் பலாப்பழச் சுளைப் பொதி. பாறசாலையில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போகிறார்.

"எங்க போறிய மக்கா?"

"பொழியூருக்கு. படகுல போகப் போறோம்."

"இந்தச் சமயத்துலயா? வெள்ளத்துல எறங்கிராதிய." அங்கே தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர். குரலைத் தாழ்த்தினார். "நான் மக வீட்டுக்குப் போனா அங்க குளிக்கவே மாட்டேன். வைகுந்நேரம் வீட்டுக்கு வந்துதான் குளிப்பு."

"உங்க வீடு எங்கம்மா?"

"களியக்காவிளைதான். ரோட்டுக்கு இஞ்சப் பக்கம்."

இரண்டு வீட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று கேட்டேன். நாலைந்து கிலோமீட்டர் இருக்கும் என்றார். "இடையில மாநிலம் மாறுதுல்லா" என்று அவரே விளக்கமும் சொன்னார். மெஹரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். இஞ்சிவிளையில் வரவேற்புப் பலகை எங்களைக் கடந்து போனது. மழை தூறியது. பாறசாலையில் அம்மாள் இறங்கும்போது ஆளுக்கு இரண்டு சுளை கொடுத்துவிட்டுப் போனார். இத்தனை இனிப்பான பலாவை நான் சாப்பிட்டதில்லை.

நெய்யாற்றின்கரையில் தங்கல் வீடு, டவுனின் நீதிமன்றச் சாலை நெரிசலைத் தாண்டி ஆற்றோரமாகப் போனால் வருகிறது. ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். வீட்டுக்காரர் மாதவன் பிள்ளை, அறுபது வயதைத் தாண்டியவர், பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முன்னோர்கள் திருவிதாங்கூர் அரசில் எழுத்துவேலை பார்த்தவர்களாம். ஓட்டு வீடு, தேக்குத் தூண்கள், முற்றத்தில் செம்பருத்தி. அவர் மனைவி சரோஜம் வாசலுக்கே வந்துவிட்டார்.

"வந்தியளா? மழையில நனைஞ்சாச்சா? வாங்கோ வாங்கோ."

எனக்கு முதலில் பார்க்க வேண்டியிருந்தது குளம். இந்த வீட்டைப் பதிவு செய்ததே அந்தக் குளத்துக்காகத்தான். இணையத்தில் அவர்கள் போட்டிருந்த படத்தில் கருங்கல் படிகளும் ஆம்பலும் பச்சைத் தண்ணீரும் அவ்வளவு அழகு. பின்பக்கம் ஓடினேன். படிகள் இருந்தன. தண்ணீர் இல்லை. அடியில் காய்ந்த சேறு, ஒரு மூலையில் மழைநீர் தேங்கி நின்றது, சுற்றிலும் பச்சை வலை கட்டியிருந்தது.

"படிக்கல்லு எளகிப் போச்சு. ரிப்பேர் வேலையாக்கும்" என்றார் பிள்ளை. வேலை நடக்கும் அடையாளம் ஒன்றும் தெரியவில்லை.

சாப்பாடு அருமை. புளிசேரி, பயறுத் தோரன், பொரித்த பாகற்காய், ரசகதளிப் பழம். குடிக்க இளஞ்சிவப்பு நிறத்தில் வெதுவெதுப்பான தண்ணீர். பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்தது என்றார் சரோஜம். சாப்பிட்டு முடித்ததும் நான் நேராகவே கேட்டேன்.

"சார், இந்த அமீபா காய்ச்சல்... இங்க எப்படி?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "இஞ்ச ஒண்ணும் கெடையாது. அந்தப் பேச்சு வந்தது பொழியூர்லேந்தாக்கும். அங்க வள்ளம் ஓட்டுற ஒரு பயலுக்கு வந்தது. வள்ளம் கெட்டுற ஜெட்டிப் பக்கம் குளிச்சானாம். பத்திரிகைக்காரன் நெய்யாற்றின்கரைன்னு போட்டு எல்லார் பிழைப்பையும் கெடுத்துட்டான். நீங்க படகெல்லாம் வேண்டாம். கள்ளிக்காடு போனா நெய்யாறு டாம் இருக்கு. ஆளுவள அங்க கூட்டிட்டுப் போங்கோ."

சரோஜம் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஸ்டெல்லா இதை என்னிடம் சொல்லவில்லையே! 'கண்ணால பாருங்க' என்றவர் தன் படகுத்துறையிலேயே ஒருவனுக்குக் காய்ச்சல் வந்ததை மறைத்துவிட்டாரா? அன்று மாலை ஆற்றங்கரையில் நடக்கும்போது மெஹருவிடம் சொன்னேன். அவள், "நாளைக்கு மூஞ்சிக்கு நேரா கேட்டுருவோம்" என்றாள். அவ்வளவுதான் அவளுடைய ஆலோசனை.

சனிக்கிழமை காலை பேருந்தில் பொழியூர். வளைந்து வளைந்து போகும் குறுகலான சாலை. தேவாலயக் கோபுரம் தெரிந்ததும் காற்றில் மீன் வாசம் ஏறியது. பேருந்து நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் படகுத்துறை. வரிசையாகப் படகுகள், பெரும்பாலானவை நீலத் தார்ப்பாய் போர்த்திக் கட்டிக் கிடந்தன. 'பேக்வாட்டர் சவாரி' என்று மூன்று மொழியில் எழுதிய பலகையின் கீழ் இரண்டு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் சீட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்கள். சுற்றுலாப் பயணிகளைக் கண்டு இத்தனை ஆச்சரியப்படுகிற படகுத்துறையை நான் பார்த்ததில்லை.

ஸ்டெல்லா சுடிதாரின் மேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நின்றார். நாற்பது வயதிருக்கும், பரந்த தோள்கள். கணவர் ஆழ்கடல் மீன்பிடிக்குப் போகிறவர். படகில் உயரமான ஓர் இளைஞன் இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் கேள்வியை வாயில் தயாராக வைத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அக்கா, ஏறுறதுக்கு முன்ன ஒண்ணு சொல்லணும். நான் எல்லாரிட்டயும் சொல்லுவேன். போன்ல சொன்னா ஆளுவ பாதியில வச்சிருதாவ, அதான் நேர்ல. வள்ளம் ஓட்டுற இவன் என் தம்பி சஜின். போன வருஷம் அந்தத் தீனம் வந்தது இவனுக்காக்கும். பொழச்சு வந்துட்டான். ஆளுலேந்து ஆளுக்கு ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னாரு. குடிச்சாலும் வராது, வெள்ளம் மூக்கு வழியா மேல ஏறுனாத்தான் வரும். நான் கேட்டது இவ்வளவுதான். இனி ஏறுறதும் ஏறாததும் உங்க இஷ்டம்."

சஜின் துணியைப் பிழிந்துவிட்டு எங்களைப் பார்த்தான். எத்தனையோ பேர் இந்த இடத்தில் திரும்பிப் போயிருப்பார்கள் என்பது அவன் நின்ற விதத்திலேயே தெரிந்தது. எழுத வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன், என் காலும் ஓர் அடி பின்னால்தான் போனது. பிழைத்து நின்ற ஒரு மனிதனைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்குப் பதிலாக என் உடம்பு விலகப் பார்த்தது.

மெஹரு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படகில் இறங்கினாள். "தம்பி, கையக் குடு. எனக்கு நீச்சல் தெரியாது."

அவன் கை கொடுத்தான். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் எனக்கும் தைரியம் வந்துவிட்டது.

அடுத்த ஒரு மணி நேரத்தை எப்படி எழுதுவது! படகு முதலில் கண்டல் காட்டுக்குள் நுழைந்தது. இருபுறமும் மரங்கள் வேர்களை விரல்கள்போலத் தண்ணீரில் ஊன்றி நிற்கின்றன. மேலே கிளைகள் சேர்ந்து கூரை போட்டிருக்கின்றன. சஜின் இன்ஜினை அணைத்துவிட்டுத் துடுப்பால் தள்ளினான். எங்கோ ஒரு மீன் துள்ளிய சத்தம், பிறகு மீன்கொத்தி ஒன்று நீலக் கோடாகக் கிழித்துக்கொண்டு போனது. "அக்கா! அக்கா!" என்று மெஹரு என் தொடையைக் கிள்ளினாள். அடர்ந்த நிழலிலிருந்து படகு சட்டென்று வெளிச்சத்துக்குள் வந்ததும் எதிரே அகன்று விரிந்த காயல், அதற்கப்பால் பொன்னிற மணல் திட்டு, அதற்கும் அப்பால் அலையின் இரைச்சல். கடல் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் மணல் மேட்டுக்குப் பின்னால் அலை உடையும்போது வெள்ளை நுரை மட்டும் எழும்பி எழும்பி மறைந்தது. நான் எழுந்து நின்று கூவிவிட்டேன். சஜின், "உக்காருங்கக்கா, உக்காருங்க!" என்று பதறினான்.

மணல் திட்டில் இறங்கினோம். ஒரு பக்கம் பாதம் நனைக்காத அமைதியான ஆறு. இருபது முப்பது அடி நடந்தால் ஆளைத் தூக்கும் கடல். ஆற்றுப் பக்கம் காலை நனைக்கப் போன மெஹருவை ஸ்டெல்லா தடுக்கவில்லை. ஆனால் குளிக்கக் கூடாது என்று சொன்னார். "உப்பு வெள்ளத்துல அது நிக்காதுன்னு சொல்லுதாவ. ஆனா மழைக்காலத்துல இஞ்ச உப்பு கொறஞ்சு போவும். அதனால ஆரையும் முங்க விடமாட்டேன்."

அங்கே மணலில் உட்கார்ந்து, தூக்குச் சட்டியில் கொண்டுவந்த மரவள்ளிக் கிழங்கையும் மத்திக் குழம்பையும் சாப்பிட்டுக்கொண்டேதான் சஜின் கதையைச் சொன்னான்.

முதல் நாள் தலைவலி. மறுநாள் காய்ச்சல், வாந்தி. மூன்றாம் நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, ஸ்டெல்லாவை யாரென்று தெரியவில்லை. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"எனக்கு ஒண்ணும் ஓர்மையில்ல" என்றான் சஜின். "அக்காதான் சொல்லணும்."

ஸ்டெல்லா சொன்னார்: "அங்க ஒரு சின்ன டாக்டர், பொம்பளப் பிள்ள. வந்ததும் ஒரே கேள்விதான் கேட்டா. இவன் கடைசியா எங்க குளிச்சான்? குளமா, ஆறான்னு. நான் சொன்னேன், நாலஞ்சு நாளு முன்ன ஒரு வீட்டுக் குளத்துல தலகுத்தி சாடுனான்னு. ஒடனே முதுகுல ஊசி போட்டு வெள்ளம் எடுத்துப் பாத்தாவ. அப்பவே மருந்து தொடங்கியாச்சு. அந்த ஒரு கேள்வியும் அதுக்கு ஒரு நேரான பதிலும் இல்லேன்னா என் தம்பி இல்ல, அக்கா."

"எந்த வீட்டுக் குளம்?" என்றாள் மெஹரு.

ஸ்டெல்லா தயங்கினார். சஜின்தான் சொன்னான். நெய்யாற்றின்கரையில் சுற்றுலாப் பயணிகள் தங்குகிற வீடு. அங்கிருந்து ஆட்கள் இந்தப் படகுக்கு வருவார்கள், இங்கிருந்து ஆட்களை இவன் அங்கே அனுப்புவான். அன்று ஒரு குடும்பத்தைக் கொண்டுபோய் விட்டபோது வெயில் தாங்காமல் குளத்தில் குதித்திருக்கிறான்.

"மாதவன் பிள்ளை சார் வீடா?" என்று கேட்டேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நாங்கள் அங்கேதான் தங்கியிருக்கிறோம் என்றதும் ஸ்டெல்லா கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தார்.

"சுகாதாரக்காரங்க போய்க் கேட்டப்போ அவரு, என் குளத்துல ஆரும் குளிக்கல்லன்னு சொல்லிட்டாரு. ஹோம்ஸ்டே பேரு கெட்டுப்போவும்லா. அப்ப பின்ன இவன் எங்க குளிச்சான்? ஜெட்டியிலதான்னு ஆளுவ முடிவு பண்ணியாச்சு. வீடியோவுல நம்ம ஜெட்டியக் காட்டிட்டான். அன்னையிலேந்து இந்தக் கரையில ஒரு வள்ளமும் ஒழுங்கா ஓடல்ல. தீனத்தவிட எனக்கு அதாக்கும் சங்கடம். என் தம்பி பொய் சொன்னான்னு ஆயிப்போச்சு."

வறண்ட குளமும் வேலை நடக்காத ரிப்பேரும் என் கண்முன் வந்து நின்றன. அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததனால்தான் குளத்தை இறைத்துவிட்டு வலை கட்டியிருக்கிறார்.

சனிக்கிழமை மாலை நாங்கள் திரும்பியபோது பிள்ளை முன்னறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். எப்படித் தொடங்குவது என்று நான் வழியெல்லாம் யோசித்து வந்திருந்தேன். மெஹரு செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டாள்.

"சார், சஜின் உங்க குளத்துலதான் குளிச்சானாமே?"

அவர் டிவியை அணைத்தார். "யாரு சொன்னா? அந்த ஸ்டெல்லாவா? அவ வள்ளம் ஓடணும்னு..."

"நான்தான் துவர்த்து எடுத்துக் குடுத்தேன்."

உள்வாசலில் சரோஜம் நின்றுகொண்டிருந்தார். துவர்த்து என்றால் அந்தப் பக்கத்தில் குளித்துத் துவட்டும் துண்டு. குரல் உயரவே இல்லை. "தலை துவர்த்தி, சாயா குடிச்சுட்டுப் போனான். நல்ல குளம் மாமின்னு சொன்னான். நான் அன்னைக்கே உங்கட்ட சொன்னேன்."

பிள்ளை அவரைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. "ஆளுவ வராம ஆயிரும்னு பயந்தேன்" என்றார். "மகன் வெளியூர்ல. வீடு மாத்திரமாக்கும் எங்களுக்கு. அந்தப் பய சாவப்போறான்னு சொன்னாவ. ஏற்கெனவே போகப்போறவனுக்காக இருக்கிறதையும்..." வாக்கியத்தை முடிக்கவில்லை. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல முகம் சுருங்கிவிட்டது. எழுந்து பின்பக்கம் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பும்போது அவரிடம் சொன்னேன். "சார், நான் ஆட்களைக் கூட்டி வருவேன். படகிலும் போவோம், உங்கள் வீட்டிலும் தங்குவோம். ஆனால் வருகிறவர்களிடம் இந்தக் குளத்தைப் பற்றி மறைக்க என்னால் முடியாது."

அவர் தலையை அசைத்தாரா, கொசுவை விரட்டினாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சரோஜம் மட்டும் ஆட்டோ வரை வந்து ஒரு சீப்பு ரசகதளியைக் கையில் திணித்தார்.

மதுரை வந்ததும் எங்கள் குழுவை என் வீட்டு மொட்டைமாடியில் கூட்டி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சஜினின் பெயர், அவன் காய்ச்சல், குளம், படகு எல்லாமும். எங்கள் குழுவில் ஒரு டாக்டரம்மா உண்டு. ஸ்டெல்லா சொன்ன விஷயங்கள் சரிதான் என்று அவர் தலையாட்டினார். வேடிக்கை என்னவென்றால், ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று நான் முன்பு சமாதானம் சொன்னபோது ஓடியவர்கள், முழுக் கதையையும் சொன்னதும் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். படகில் தண்ணீர் தெறிக்குமா? அறையில் குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சஜின் இப்போது நன்றாக இருக்கிறானா? கேள்வி கேட்டு முடித்தபோது ஒன்பது பேர் வருவதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் வரவில்லை. அதுவும் நியாயம்தான்.

கிளம்புவதற்குச் சில நாள் முன்னால் மாதவன் பிள்ளை தொலைபேசியில் அழைத்தார். முகமன் ஒன்றும் சொல்லாமல் நேராக விஷயத்துக்கு வந்தார். "முனிசிப்பாலிட்டியில போய் சொல்லியாச்சு. அவன் குளிச்சது என் குளத்துலதான்னு. ஆளுவ வந்து பாத்துட்டுப் போனாவ. இனி குளத்துல வெள்ளம் நிறைக்கணும்னா அவங்க சொல்றபடி மருந்து போட்டு, பரிசோதிச்சுத்தான்." பிறகு கேட்டார்: "நீங்க பொழியூர் போற அன்னைக்கு நானும் வரலாமா?"

இரண்டாவது பயணம் வேனில். ஒன்பது பெண்கள், ஒன்பது குரல், மார்த்தாண்டம் வரை பாட்டு. களியக்காவிளை தாண்டியதும் எல்லோரும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். பிறகு மெஹரு, "எல்லாரும் மூக்கப் பொத்துங்கடி, கேரளா வந்துருச்சு!" என்றாள். வேன் குலுங்கியது.

மறுநாள் காலை படகுத்துறையில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. முந்தின நாள் பெய்த மழையில் மணல் திட்டு உடைந்து ஆறு கடலுக்குள் பாய்கிறது என்று சஜின் கத்திக்கொண்டு வந்தான். "பொழி முறிஞ்சாச்சு! நல்ல காலத்துல வந்தியக்கா!" ஸ்டெல்லாவின் படகோடு பக்கத்துப் படகும் தார்ப்பாய் நீக்கித் தயாராக நின்றது.

எங்களுக்குப் பின்னால் ஒரு காரிலிருந்து பிள்ளையும் சரோஜமும் இறங்கினார்கள். ஸ்டெல்லா இடுப்பில் கை வைத்தபடி நின்றார். பிள்ளை வெள்ளை வேட்டியைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் கால் வைத்து, நேரே சஜினிடம் போனார்.

"எல்லாரும் கேக்கட்டும்" என்றார். "இவன் குளிச்சது என் குளத்துலயாக்கும். இந்த ஜெட்டியில இல்ல. நான் பொய் சொன்னேன்."

ஸ்டெல்லாதான் முதலில் வாய் திறந்தார்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா, சார், இந்தக் கரையில எத்தன வீட்டுல அடுப்பு ஒழுங்கா எரிஞ்சிருக்கும்."

"எரிஞ்சிருக்கும்" என்றார் அவர்.

ஸ்டெல்லாவின் கண் கலங்கியது. ஆனால் அவர் மன்னித்துவிட்டார் என்று நான் எழுதமாட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு லைஃப் ஜாக்கெட்டுகளை எடுக்கப் போனார். சஜின்தான் தலையைச் சொறிந்தபடி சிரித்தான். "விடுங்க சார். குளம் நல்ல குளமாக்கும். நான் தலகுத்தி சாடுனதுதான் குத்தம். மாமி, ஏறுங்க. பொழி பாக்கண்டாமா?"

ஸ்டெல்லா திரும்பி வந்து, ஒவ்வொருவருக்கும் ஜாக்கெட் மாட்டிவிட்டார். சரோஜத்துக்கு. மெஹருவுக்கு. கடைசியில் பிள்ளைக்கும். அவர் வயிற்றுக்குக் கொக்கி எட்டவில்லை. இரண்டு முறை இழுத்து, மூன்றாம் முறை பலமாக இழுத்து மாட்டினார். "மூச்சு விடுங்க சார்" என்றார். அதற்குமேல் அன்று அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

பொழியை நாங்கள் தூரத்தில் நின்றுதான் பார்த்தோம், அருகே போக சஜின் விடவில்லை. அதுவே போதுமாக இருந்தது. போன முறை நான் நடந்த மணலில் ஆறு வெட்டிக்கொண்டு பாய்ந்தது. செம்மண் நிறத் தண்ணீர் கடலின் பச்சையில் முட்டி, சுழன்று, பெரிய விசிறியாக விரிந்தது. மணல் கரை தொப்பென்று இடிந்து விழும்போதெல்லாம் ஒன்பது பேரும் ஓவென்று கத்தினார்கள். பருந்துகள் தாழ இறங்கி மீன் பொறுக்கின. சரோஜம் என் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும் இதைப் பார்த்ததே இல்லை என்றார். பிள்ளை ஜாக்கெட் கழுத்தை முட்ட, சின்னப் பிள்ளைபோல வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் எதிரே ஒரு படகு வந்தது. அதில் எங்களுக்குத் தெரியாத ஒரு குடும்பம். ஸ்டெல்லா எழுந்து நின்று அந்தப் படகுக்காரரைப் பார்த்துக் கையசைத்தார். எத்தனை நாளைக்குப் பிறகு எதிரே இன்னொரு படகு வருகிறது என்று அவர் சொல்லவில்லை. கை இறங்க நேரமானதில் தெரிந்தது.

மதுரைக்கும் இப்படி ஒரு காலம் வருவதுண்டு. மழை முடிந்ததும் எங்கள் வீடுகளில் டெங்கு வரும். பேப்பரில் ஊர் பெயர் அடிபடும். வெளியூர்ச் சொந்தங்கள், "இப்ப வரலாமா?" என்று போனில் இழுப்பார்கள். நாங்களும், "எங்க தெருவில் இல்லை, அடுத்த தெருவில்தான்" என்போம். அடுத்த தெருக்காரர் எங்கள் தெருவைச் சொல்வார். கொசு இரண்டு தெருவிலும் பறந்துகொண்டிருக்கும். அந்தப் பேச்சை இனிமேல் என்னால் சிரித்துக்கொண்டே பேச முடியாது.

ஊர் திரும்பி ஒரு வாரம் இருக்கும். விருதுநகரிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் அழைத்தார். எங்கள் படங்களை யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.

"மேடம், அந்தப் பொழியூர் படகு நம்பர் வேணும். பிள்ளைங்களோட போகணும். அங்க ஏதோ காய்ச்சல்னு சொல்றாங்களே, நெஜமா?"

"நிஜம்தான்" என்றேன். "அந்தப் படகை ஓட்டுகிற தம்பிக்கே வந்தது. நம்பர் தருகிறேன், ஸ்டெல்லா என்று பெயர். முதலில் அதையே கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும் வரை வைத்துவிடாதீர்கள்."

மறுமுனையில் பேனா தேடும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க" என்றார்.